கஞ்சியும் பத்தியமும்: காவிரிப் படுகையில் நோயாளர் உணவின் வரலாறு

காவிரியின் வடகரைச் சிவத்தலங்களுள் ஒன்றான திருப்பனந்தாள், கும்பகோணத்துக்கு வடகிழக்கே, கொள்ளிடத்தின் குறுக்கே 1836இல் கட்டப்பட்ட கீழணைக்குத் தெற்கே, நெல் வயல்களுக்கு நடுவில் அமைந்த ஊராகும். செஞ்சடையப்பர் கோயிலாலும், குங்கிலியக்கலய நாயனாரின் தொண்டாலும், குமரகுருபரர் 17ஆம் நூற்றாண்டில் காசியில் நிறுவிய மடம் 1720இல் தன் தலைமையிடத்தை இங்கே அமைத்துக்கொண்டதாலும் சமய வரலாற்றிலும் தமிழ்க் கல்வி வரலாற்றிலும் இவ்வூருக்கு உறுதியான இடமுண்டு. இவ்வூரைச் சூழ்ந்த நெல் நாடு நோயுற்றவர்களுக்கென்று தனியே உணவு சமைக்கும் ஒரு முறையைப் பல நூற்றாண்டுகளாக வளர்த்து வந்திருப்பதும், அதற்கு மூலப்பொருளாகப் பெரும்பாலும் வயலில் விளைந்த நெல்லும் பயறும், கரைகளில் நின்ற பனையின் கற்கண்டும், வேலியோரத்துச் சுண்டையும் தூதுவளையுமே போதுமானவையாக இருந்ததும் அதே அளவு கவனத்தைப் பெறவில்லை. இன்று மருத்துவ நோக்குக்கான சிறப்பு உணவு என்று சட்டம் பெயரிட்டு அழைக்கும் பொருளின் வேர்களைத் தேடுவோர் இந்தப் படுகையின் அடுப்படிகளையும், அறச்சாலைகளையும், நெல் அவித்த அண்டாக்களையும் கணக்கில் எடுக்காமல் மேலே செல்ல இயலாது.

இம்முறையின் அடிப்படைக் கருத்து பத்தியம் என்பதாகும். மருந்தை உண்ணும் காலத்தில் கொள்ளத்தக்கவை இவை, தள்ளத்தக்கவை இவை என்று வகுக்கும் ஒழுங்கையே சித்த மருத்துவம் பத்தியம் என்று குறிக்கிறது. மருந்து முடிந்த பின்னரும் அதே கட்டுப்பாட்டைச் சில நாட்கள் நீட்டிப்பது மறுபத்தியம் எனப்படும். புளி, கடுகு, நல்லெண்ணெய், பூசணி, பாகல், அகத்தி ஆகியவை பெரும்பாலான பத்தியங்களில் விலக்கப்பட்டன. அவற்றுள் அகத்திக்கீரை மருந்தின் வேகத்தையே முறித்துவிடும் என்று கருதப்பட்டது. அவரை, கத்தரி, முருங்கை ஆகியவற்றின் பிஞ்சுகள் அனுமதிக்கப்பட்டன. முற்றிய காய் எளிதில் செரிக்காது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். கடும் பத்தியத்தில் உப்பும் முற்றாக நிறுத்தப்பட்டது. சற்றுத் தளர்ந்த நிலையில் உப்பை வறுத்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்ற விதி இருந்தது. உணவுப் பொருள் ஒவ்வொன்றின் இயல்பையும் வரிசைப்படுத்திச் சொல்லும் பதார்த்த குண சிந்தாமணி போன்ற நூல்கள் அரிசிக்கும் நீருக்கும் பாலுக்கும் கீரைக்கும் தனித்தனியே குணம் கூறுவதைப் பார்க்கும்போது, சமையலையும் மருத்துவத்தையும் இரு துறைகளாகப் பிரித்துக் காணும் எண்ணமே அவற்றை இயற்றியவர்களுக்கு இருக்கவில்லை என்பது தெளிவாகிறது. திருக்குறளின் மருந்து அதிகாரமும் மூலிகைகளைப் பற்றி அல்லாமல், முன் உண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்பதைப் பற்றியே பெரிதும் பேசுகிறது என்பது இங்கு நினைக்கத்தக்கது.

நோயாளருக்கு உணவு வழங்குவதை ஒரு நிறுவனத்தின் கடமையாக ஆக்கியதற்குச் சோழர் காலக் கல்வெட்டுகள் சான்று தருகின்றன. முதலாம் இராசராசனின் தமக்கையாகிய குந்தவை, தஞ்சையில் தம் தந்தையின் பெயரால் அமைந்த சுந்தர சோழ விண்ணகர் ஆதுலசாலைக்கு, அதாவது நோயுற்றோரைப் பேணும் மருத்துவச் சாலைக்கு, நிலக்கொடை அளித்திருக்கிறார். இதைவிட விரிவான செய்தியைப் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வீரராசேந்திரன் காலத்தில், 11ஆம் நூற்றாண்டின் அறுபதுகளில் பொறிக்கப்பட்ட நீண்ட கல்வெட்டு தருகிறது. அங்கிருந்த ஆதுலர் சாலையில் 15 படுக்கைகள் இருந்தன. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருவோர், நோயாளரைக் கவனிக்கும் பெண்கள், நாவிதர், நீர் கொண்டுவருபவர் ஆகியோருக்கு ஊதியம் வகுக்கப்பட்டது. ஓராண்டுக்குச் சேர்த்துவைக்க வேண்டிய தைலங்கள், நெய்கள், அரிதகி எனும் கடுக்காய் கலந்த மருந்துகள் ஆகியவை பெயர் சுட்டிப் பட்டியலிடப்பட்டன. நோயாளி ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி என்பதும் அதே கல்வெட்டில் உள்ள ஏற்பாடாகும். ஒரு நாழி என்பது நான்கு உழக்கு. மருந்துப் பட்டியலைக் காட்டிலும் இந்த ஒரு நாழி அரிசியே கூடுதல் மதிப்புடைய செய்தி என்று கொள்ள இடமிருக்கிறது; ஏனெனில் படுக்கையில் கிடப்பவருக்குச் சோறு யார் போடுவது என்ற கேள்வியைக் கோயிலின் வரவுசெலவுக் கணக்குக்குள்ளேயே அது தீர்த்துவைத்திருக்கிறது. அந்த அரிசியை எந்தப் பக்குவத்தில் சமைத்தார்கள் என்பதைக் கல் சொல்லவில்லை. அதை ஏட்டிலும் வழக்கிலும்தான் தேட வேண்டும்.

தஞ்சை மராட்டியர் அவையில் அத்தகைய ஏடுகள் பெருகின. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரகுநாத சூரி வடமொழியில் இயற்றிய போஜன குதூகலம், தானியங்கள் தொடங்கிச் சமைத்த பண்டங்கள் வரை ஒவ்வொன்றின் உடல்நலப் பயனையும் ஆராயும் உணவியல் நூலாகும். இரண்டாம் சரபோசி (ஆட்சி 1798-1832) தன்வந்திரி மகால் என்ற மருத்துவ நிலையத்தை அமைத்து, நாட்டு மருத்துவ முறைகளோடு ஐரோப்பிய மருத்துவத்தையும் அங்கே பயிலச் செய்தார். அங்கே தொகுக்கப்பட்ட சிகிச்சை முறைகள் தமிழ்ச் செய்யுட்களாக ஆக்கப்பட்டு, பிற்காலத்தில் சரபேந்திர வைத்திய முறைகள் என்ற வரிசையில் நோய்வாரியாகச் சரசுவதி மகால் நூலகத்தால் பதிப்பிக்கப்பட்டன. நீரிழிவு, கர்ப்பிணியரின் நோய்கள், குழந்தை நோய்கள் ஆகியவற்றுக்கெனத் தனிப் பகுதிகள் அவற்றில் உள்ளன. ஆய்வும் தொகுப்பும் ஒருபுறமிருக்க, உண்மையில் பசித்த நோயாளியின் இலையில் சோறு விழுந்த இடம் சத்திரங்களே ஆகும். காசிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே நடந்த யாத்திரிகர் தஞ்சை நாட்டைக் கடக்கும் வழியில் அரச குடும்பத்தார் சத்திரங்களைக் கட்டியிருந்தனர். ஒரத்தநாட்டின் முத்தாம்பாள் சத்திரம் அவற்றுள் புகழ்பெற்றது. சத்திரங்களின் நிருவாகம் தம் கையைவிட்டுப் போகாதிருக்க வேண்டும் என்று கோரி 1801இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதிநிதிக்குச் சரபோசி எழுதிய கடிதத்தில், வழிப்போக்கர் நோயுற்றால் மருத்துவரைக் கொண்டு சிகிச்சை தந்து குணமாகும்வரை பேணுவதும், குழந்தைகளுக்குப் பால் தருவதும், கருவுற்ற பெண்களுக்கு மகப்பேறு பார்த்துப் பின்னரும் தங்கவைத்துக் காப்பதும் சத்திர வழக்கமாக விவரிக்கப்படுகின்றன. அச்சத்திரங்களில் சமைத்த சோறு பெறுவோர், அரிசியாகப் பெறுவோர் எனச் சாதி வழிப்பட்ட வேறுபாடுகள் நிலவின என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நோய் எல்லாரையும் ஒன்றாகத் தாக்கினாலும் பராமரிப்பு ஒன்றாகக் கிடைத்துவிடவில்லை.

ஏட்டிலும் அறச்சாலையிலும் இருந்து அடுப்படிக்கு வந்தால், படுகையின் நோயாளர் உணவு ஏறத்தாழ முழுவதும் கஞ்சியின் பல வடிவங்களாகவே இருந்ததைக் காணலாம். அரிசி ஒன்றுதான், அதை உடைத்தும், வறுத்தும், பொரித்தும், நீரைக் கூட்டியும் குறைத்தும், வடித்தும், பயறோடு சேர்த்தும் நோயின் நிலைக்கு ஏற்ற வேறு வேறு உணவாக மாற்றினார்கள். காய்ச்சல் தணியாத நிலையில் கஞ்சித் தெளிவு மட்டும் தரப்பட்டது. பசி எடுக்கத் தொடங்கியதும் நொய்க்கஞ்சி, அதாவது குருணை அரிசியைக் குழையவேகவைத்த கஞ்சி. வயிற்றோட்டத்துக்குப் பொரியரிசிக் கஞ்சி. உடல் தேறும் பருவத்தில் சிறுபயறோ உளுந்தோ சேர்ந்த கஞ்சி என்று படிப்படியாக அடர்த்தி கூடியது. நோயாளிக்குரிய அரிசி பழையதாக இருக்க வேண்டும் என்பதில் வீடுகள் பிடிவாதமாக இருந்தன. அறுவடையான உடனே குத்திய புத்தரிசி மந்தம் செய்யும் என்றும், ஓராண்டாவது குதிரில் கிடந்த நெல்லின் அரிசியே நோயாளிக்கு ஆகும் என்றும் கருதினார்கள். நாள்பட்ட அரிசி பிசுபிசுப்புக் குறைந்து தனித்தனியாக வேகிறது என்பதைப் பிற்கால அரிசி வேதியியலும் உறுதிசெய்திருக்கிறது.

இவற்றுள் பஞ்சமுட்டிக் கஞ்சி தனியே நோக்கத்தக்கது. பச்சரிசி, துவரை, உளுந்து, கடலை, சிறுபயறு ஆகிய ஐந்தையும் சம அளவில், கைப்பிடிக் கணக்கில் எடுத்து, தூய வெள்ளைத் துணியில் கிழியாகக் கட்டுவார்கள். தானியங்கள் வெந்து பெருகுவதற்கு இடம் விட்டுத் தளர்வாக முடிய வேண்டும். இறுக்கிக் கட்டினால் நடுவிலுள்ளவை வேகாமல் நின்றுவிடும். அக்கிழியை நீர் நிறைந்த மண்பானைக்குள் தொங்கவிட்டு, சிறுதீயில் நெடுநேரம் எரித்து, நீர் நாலில் ஒன்றாகச் சுண்டியதும் கிழியை எடுத்துவிட்டு, பானையில் எஞ்சிய கலங்கல் நீரையே நோயாளிக்குக் கொடுப்பார்கள். சக்கை துணிக்குள் நின்றுவிடுவதால் மெல்லவோ விழுங்கவோ வலுவற்றவருக்கும் அது இறங்கும். தானியத்தின் மாச்சத்தும் பயற்றிலிருந்து கரைந்துவந்த புரதத்தின் ஒரு பகுதியும் நீரில் இருக்கும். இன்று மூக்குவழிக் குழாயில் செலுத்துவதற்காக ஆலைகளில் தயாரிக்கப்படும் நீர்ம உணவுகளின் நோக்கமும், குறைந்த செரிமான உழைப்பில் மாவும் புரதமும் சேர்ப்பது என்பதேயாகும். பஞ்சமுட்டிக் கஞ்சி அவற்றுக்கு ஈடாகாது. அதில் புரதத்தின் அளவு குறைவு, கொழுப்பு இல்லை, நுண்சத்துக்களுக்குக் கணக்கில்லை. ஆனால் அக்கஞ்சியை வகுத்தவர்களின் சிந்தனை எந்தத் திசையில் சென்றது என்பதை அது ஐயத்துக்கு இடமின்றிக் காட்டுகிறது.

மகப்பேற்றுக்குப் பின் தாய்க்குத் தரும் உணவும் இதே வகைச் சிறப்பு உணவுதான். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் ஆகியவற்றைப் பனைவெல்லத்தோடும் நெய்யோடும் கிளறிய பிரசவ லேகியம், பூண்டுக் குழம்பு, மணத்தக்காளி வற்றல் ஆகியவை அந்நாட்களின் நிலையான பண்டங்கள். தஞ்சைப் பகுதி வீடுகளில் அங்காயப்பொடி என்று ஒன்று உண்டு: சுண்டைக்காய் வற்றலையும் மணத்தக்காளி வற்றலையும் வேப்பம்பூவையும் தனித்தனியே கருகாமல் வறுத்து, சுக்கு, மிளகு, சீரகம், பெருங்காயம், கறிவேப்பிலை, உப்பு சேர்த்து இடித்து, சூடான சோற்றில் நெய்யோடு முதல் கவளமாகப் பிசைந்து கொடுப்பது. புளி தடைசெய்யப்பட்ட காலத்தில் நாவுக்கு ஒரு சுவையைத் தந்து உண்ணும் விருப்பை மீட்டுவதே அதன் முதற்பணி என்று தோன்றுகிறது. நோயாளி உண்ண மறுத்தால் எந்த உணவும் மருந்தாகாது என்பதை அதைச் செய்த பெண்கள் அறிந்திருந்தார்கள். மருத்துவமனை உணவைத் திட்டமிடும் இக்காலத்தவர் பலர் தவறவிடும் உண்மை அது. இந்தப் பொடியையும் கஞ்சியையும் செம்மைப்படுத்தியவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

காவிரிப் படுகையின் அன்றாட உணவு உலக மருத்துவ வரலாற்றில் இடம்பெற்ற நிகழ்வு ஒன்று இங்கல்ல, மலாயாவில் நடந்தது. புழுங்கல் அரிசி என்பது நெல்லை உமியோடு ஊறவைத்து, ஆவியில் அவித்து, களத்தில் உலர்த்தி, பின்னர் குத்தி எடுக்கும் அரிசியாகும். தஞ்சைப் படுகையில் உழைக்கும் மக்களின் வீட்டுச் சோறு பெரும்பாலும் இதுவே. பச்சரிசி வழிபாட்டுக்கும் சில சமூகத்தாரின் உணவுக்கும் உரியதாக இருந்தது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்குச் சென்று தோட்டங்களிலும் இருப்புப்பாதைகளிலும் வேலை செய்த தமிழ்த் தொழிலாளர் அங்கும் புழுங்கல் அரிசியையே உண்டனர். அதே மலாயாவில் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர், ஆலையில் தீட்டிய சயாம் பச்சரிசியை உண்டு, பெரிபெரி என்ற நோயால் ஆயிரக்கணக்கில் வீழ்ந்தனர். கால்கள் மரத்து, உடல் வீங்கி, இதயம் தளர்ந்து சாகச்செய்யும் நோய் அது. இந்த வேறுபாட்டைக் கூர்ந்து கவனித்த பிராடன் என்ற மருத்துவர், நோய்க்குக் காரணம் அரிசியே என்று வாதிட்டு 1907இல் நூல் எழுதினார். அதற்குச் சற்று முன்னர் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெட்சர் என்பவர் நோயாளிகளை இரு பிரிவாக்கி ஒரு பிரிவுக்குப் புழுங்கல் அரிசியும் மறுபிரிவுக்குத் தீட்டிய பச்சரிசியும் கொடுத்துப் பார்த்தபோது, பெரிபெரி பச்சரிசிப் பிரிவிலேயே பரவி உயிர்களையும் கொண்டது. ஒப்புதல் சொல்லும் நிலையில் இல்லாத மனிதர்கள் மீது அச்சோதனை நடத்தப்பட்டது என்பது அதன் பயனை வாழ்த்தும்போதும் மறக்கக்கூடாத கொடுமை. 1909இல் பிரேசர், சிடாண்டன் என்ற ஆய்வாளர்கள், சாலைபோடும் பணியிலிருந்த ஏறத்தாழ 300 சாவகத் தொழிலாளரிடையே அதே முடிவைக் கண்டு, தவிட்டில் போகும் ஏதோ ஒரு பொருளே காப்பளிக்கிறது என்று நிறுவினர்.

அந்தப் பொருள் தயமின், இன்றைய வழக்கில் வைட்டமின் பி1 ஆகும். நெல்லை அவிக்கும்போது தவிட்டுப் படலத்திலுள்ள தயமின் நீரில் கரைந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. மாவுப் பகுதி கூழாகி இறுகி அதைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. அதனால் பின்னர் தீட்டினாலும் கழுவினாலும் முழுவதும் போய்விடுவதில்லை. 1936இல் தயமினின் வேதியமைப்பைக் கண்டறிந்து செயற்கையாக ஆக்கியவர்களுள் முதல்வரான இராபர்ட் வில்லியம்சு, அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில் பிறந்தவர். அவர் ஆய்வகத்தில் ஆக்கிய பொருளை, அதன் பெயரறியாமலே, படுகையின் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அண்டாவில் காத்து வந்திருக்கிறார்கள். இது தற்செயலாக வாய்த்த நன்மை என்று சிலர் சொல்லக்கூடும். அவித்த நெல் குத்தும்போது நொறுங்காது, பூச்சி குறைவு, சேமிக்க ஏற்றது என்ற காரணங்களுக்காகவே அவிக்கத் தொடங்கியிருக்கலாம் என்பதும் நியாயமான வாதமே. தொடக்கம் எதுவாயினும், நோயாளிக்குக் கஞ்சி காய்ச்சப் புழுங்கல் நொய்யைத் தேர்ந்த வழக்கம் அனுபவத்தில் கண்ட பயனை அடிப்படையாகக் கொண்டது.

இந்தியாவிலும் இதே உண்மை பின்னர் வெளிப்பட்டது. குன்னூரில் 1918இல் மக்காரிசன் என்ற மருத்துவர் தொடங்கிய பெரிபெரி ஆய்வு, பின்னாளில் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்தது; அதன் இயக்குநரான அய்க்ராய்டு 1930களில் ஆராய்ந்தபோது, பச்சரிசியை ஆலையில் தீட்டி உண்ட வட சர்க்கார் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி நிலைத்திருந்ததும், புழுங்கல் அரிசி உண்ட தமிழ்ப் பகுதிகளில் அது அரிதாக இருந்ததும் புலப்பட்டன. ஆயினும் அதே ஆண்டுகளில் அரிசி ஆலைகள் படுகையெங்கும் பெருகி, உரலும் உலக்கையும் ஓய்ந்துகொண்டிருந்தன. 1892இல் தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா, 1934இல் வார்தாவில் அமைந்த அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் பொறுப்பை ஏற்று, கைக்குத்தல் அரிசியை ஊட்டத்தின் பெயராலும் கிராம மக்களின் பிழைப்பின் பெயராலும் வலியுறுத்தி வந்தார். ஆலை வென்றது; ஆனால் குமரப்பாவின் வாதம் தோற்கவில்லை என்பதை நீரிழிவு பெருகிய பிந்தைய தலைமுறை உணர நேர்ந்தது.

அரிசியைப் பதப்படுத்தும் முறை மாறியதற்குப் பின் அரிசியே மாறியது. திருப்பனந்தாளுக்கு அருகிலுள்ள ஆடுதுறையில் 1922 முதல் இயங்கும் நெல் ஆராய்ச்சி நிலையம், 1960களின் நடுவில் வெளியிட்ட ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால நெல், அப்போது தஞ்சை மாவட்டத்தில் நடந்த தீவிர வேளாண் திட்டத்தோடு சேர்ந்து விளைச்சலைப் பெரிதும் உயர்த்தியது. பஞ்சத்துக்கு அஞ்சிய நாட்டுக்கு அந்த விளைச்சல் தேவைப்பட்டது; அதைக் குறைசொல்வது எளிது, ஆனால் நேர்மையாகாது. அதன் மறுபக்கமாக, நோய்க்கும் பருவத்துக்கும் ஏற்ப மக்கள் பிரித்து வைத்திருந்த நெல் வகைகள் வயலிலிருந்து விலகின. சித்த மருத்துவத்தில் காடி தயாரிக்கப் பயன்பட்டதும் யானைக்கால் முதலிய நோய்களுக்குப் பரிந்துரைக்கப்பட்டதுமான கருங்குறுவை, மகளிர்க்கு ஏற்றது எனப்பட்ட பூங்கார், உழைப்பாளிக்கு வலுத் தரும் எனப்பட்ட மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, காட்டுயானம் ஆகியவை ஏட்டுப் பெயர்களாகச் சுருங்கின. அவற்றை மீட்கும் முயற்சியில், இளங்காட்டில் பிறந்த இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரின் இயக்கமும், திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் 2006 முதல் நெல் திருவிழா நடத்தி 174 வகைகளைத் திரட்டிய நெல் செயராமனின் உழைப்பும் குறிப்பிடத்தக்கவை. செயராமன் 2018 டிசம்பரில் மறைந்தார். அவர் பரப்பிய விதை பலருடைய வயல்களில் இன்றும் விளைகிறது.

பதப்படுத்தும் முறையை அறிவியல்வழி சீர்செய்யும் பணியும் இப்படுகையிலேயே நடந்திருக்கிறது. மைசூரில் 1950இல் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநரான வி. சுப்பிரமணியன், ஓய்வுக்குப் பின் டெல்டாவின் ஈர நெல் சிக்கலைத் தீர்க்க முனைந்ததன் விளைவாகத் திருவாரூரில் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி நிலையம் உருவாகி, பின்னர் தஞ்சைக்கு வந்து, இன்று தேசிய அளவிலான உணவுத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமாக நிற்கிறது. தொட்டியில் இரண்டு மூன்று நாள் ஊறி நாற்றமடித்த பழைய ஆலைப் புழுங்கலுக்கு மாற்றாக, சுடுநீரில் சில மணி நேரம் மட்டும் ஊறவைக்கும் முறை மைசூரில் வகுக்கப்பட்டுப் பரவியதும் அக்காலத்தை ஒட்டியே ஆகும்.

இதற்கிடையே மேலைநாடுகளில் நோயாளர் உணவு வேறு பாதையில் வளர்ந்தது. வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வால்டர் கெம்ப்னர், சிறுநீரக நோயும் மிகை இரத்த அழுத்தமும் உடையோருக்கு 1939 முதல் உப்பில்லாத அரிசிச் சோற்றையும் பழங்களையும் சர்க்கரையையும் மட்டுமே கொடுத்தார். நாளொன்றுக்குச் சோடியம் 150 மில்லிகிராமுக்கும் கீழே நின்றது. வேறு மருந்து இல்லாத அக்காலத்தில் பலருடைய இரத்த அழுத்தம் குறைந்தது. உப்பில்லாப் பத்தியத்தை அறிந்த தமிழ் மருத்துவர் எவருக்கும் அது வியப்பளித்திருக்காது. ஆனால் கெம்ப்னர் அளந்தார். குருதியையும் சிறுநீரையும் விழித்திரையையும் தொடர்ந்து பதிந்தார். 1950களில் பீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறையுள்ள குழந்தைகளுக்கு, ஒரே ஓர் அமினோ அமிலத்தைக் குறைத்த உணவை உருவாக்கியபோது, உணவே முழு மருந்தாகும் நிலை தோன்றியது. அத்தகைய உணவை எந்த அடுப்படியும் ஆக்க இயலாது. இந்தியாவில் 2016இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட ஒழுங்குமுறை, மருத்துவ நோக்குக்கான சிறப்பு உணவைத் தனி வகையாக ஏற்று, மருத்துவ மேற்பார்வையில் உண்ணத்தக்கது என்று வரையறுத்தது.

இவ்விரு பாதைகளும் சந்திக்கும் இடங்கள் தமிழகத்திலேயே உள்ளன. வயிற்றோட்டத்துக்கு அரிசி அடிப்படையிலான உப்புக் கரைசல் 1980களில் டாக்காவில் சோதிக்கப்பட்டு, காலராவில் நீரிழப்பைக் குறைப்பது தெரிந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2000இல், எளிதில் செரிக்காத மாவைக் கரைசலில் சேர்த்தால் பெருங்குடலில் அது நொதித்து நீரை மீண்டும் உறிஞ்சச் செய்கிறது என்று காட்டினர். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பழைய சோற்றின் பயன் ஆராயப்பட்டிருக்கிறது. சென்னை நீரிழிவு ஆய்வு நிறுவனம், தீட்டிய வெள்ளரிசி மிகுதியாக உண்பதற்கும் வளர்சிதைமாற்றக் கோளாறுகளுக்கும் உள்ள தொடர்பை 2009இல் எடுத்துக்காட்டியது.

மரபின் பெயரால் இன்று கடைகளில் விற்கப்படும் பல பண்டங்கள் இந்த உழைப்பைக் கடன் வாங்கிக்கொண்டு அதன் ஒழுங்கைக் கைவிடுகின்றன என்பதே இவ்வரலாற்றை ஆராய்வோர் எட்ட வேண்டிய கசப்பான முடிவு. கருப்புக் கவுனி என்ற பெயர் மட்டும் எவருடைய சர்க்கரையையும் குறைப்பதில்லை. தவிடு நீங்கத் தீட்டி, குழைய வேகவைத்து, வயிறு நிறைய உண்டால் அதுவும் மாவே. பனங்கருப்பட்டி நீரிழிவு உள்ளவருக்கு ஆகும் என்று கூறுவது பெருந்தவறு. அதிலும் இருப்பது சர்க்கரையே. சிறுநீரகம் செயலிழந்தவர் பயறும் கீரையும் சேர்ந்த கஞ்சியைத் தம் விருப்பப்படி குடித்தால், அதிலுள்ள பொட்டாசியம் இதயத்தைத் தாக்கக்கூடும். பழைய பத்தியம் பொருளின் பெயரை நம்பி இயங்கியதன்று. நோயாளி யார், நோயின் எந்த நாள், எவ்வளவு, எந்தப் பக்குவம், எப்போது நிறுத்துவது என்ற ஐந்தையும் கேட்டே அது இயங்கியது. அக்கேள்விகளைக் கைவிட்டு நெல்லின் பெயரை மட்டும் பொட்டலத்தில் அச்சிடுவது மரபைப் பேணுவதாகாது.

சரபேந்திர வைத்திய முறைகளின் பத்திய விதிகளும், படுகையின் கிராமங்களில் முதியோர் நினைவில் இன்னும் நிற்கும் கஞ்சி வகைகளும் ஒருசேரத் தொகுக்கப்பட்டு, ஒவ்வொன்றின் மாவும் புரதமும் உப்பும் அளக்கப்பட்டு, மருத்துவமனையில் முறைப்படி சோதிக்கப்பட வேண்டும். அதற்கு வேண்டிய நூலகமும் உணவுத் தொழில்நுட்ப நிறுவனமும் மருத்துவக் கல்லூரியும் தஞ்சை என்ற ஒரே நகரில் இருக்கின்றன. நெல் ஆராய்ச்சி நிலையம் அங்கிருந்து பேருந்தில் சென்று திரும்பும் தொலைவில் ஆடுதுறையில் இருக்கிறது. இந்நான்கும் ஒரே மேசையில் அமர்ந்து இப்பணியைத் தொடங்க வேண்டும். கஞ்சியின் பக்குவம் அறிந்த தலைமுறை மறைவதற்கு முன் தொடங்க வேண்டும்.